அம்மாவுக்கு இரைப்பு கேட்காத வேகம்

2023 அக்டோபர் கடைசியில் ஒரு புதன்கிழமை. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை, ஆறாவது கிலோமீட்டர். வலது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, உள்பக்க எலும்பில், மூன்று வாரமாக மந்தமாக இருந்துவந்த வலி அன்றைக்குத் திடீரென்று கூர்மையாகிவிட்டது. பாதம் தரையில் படும்போதெல்லாம் யாரோ உளியை வைத்துத் தட்டுவதுபோல இருந்தது. நின்றேன். நடந்து பார்த்தேன், நடையிலும் வலித்தது. ஷ்மிட் நினைவு மண்டபத்துக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து விரலால் அழுத்திப் பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடம் மட்டும் தொடவே முடியவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன்.

அன்றைக்கு என் அட்டவணையில் 'ஈஸி ரன்' என்று போட்டிருந்தது. எட்டு கிலோமீட்டர், மெதுவாக. ஆனால் வாட்ச்சில் பதிவாகியிருந்த வேகம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 28 நொடி. முந்தின நாள் செவ்வாய்க்கிழமை ஓடிய 'டெம்போ', அதாவது விடாமல் வேகமாக ஓட வேண்டிய ஓட்டம், 6:10. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் 6:35. கால் மேல் ஐஸ் வைத்துக்கொண்டு சோபாவில் படுத்தபடி இந்த மூன்று எண்களையும் வரிசையாகப் பார்த்தபோதுதான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கே புரிந்தது. வேகமான நாள், மெதுவான நாள், நீண்ட நாள் என்று அட்டவணையில் மூன்று பெயர் இருந்தது. என் கால்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு நாள்தான். வாரத்தில் ஐந்து முறை அதையே திரும்பத் திரும்ப ஓடியிருந்தேன்.

எனக்கு இப்போது வயது 43. அடையாறு பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை. முதல் மாரத்தான் 2023 ஜனவரியில் சென்னையில் ஓடினேன், 5 மணி 2 நிமிடம். முப்பதாவது கிலோமீட்டருக்கு மேல் பாதி நடை, பாதி ஓட்டம். அதை ஐந்து மணிக்குள் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையில்தான் அந்த வருஷம் எல்லா ஓட்டத்தையும் கொஞ்சம் கொஞ்சம் வேகமாக்கினேன். கூடுதலாக உழைத்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்பதுதானே நாம் படித்து வளர்ந்தது. பரீட்சைக்கு அது சரி. உடம்புக்கு அந்தக் கணக்கு வேறு.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் டாக்டர் சொன்னார்: எலும்பு முறியவில்லை, ஆனால் முறிவுக்கு முந்தின கட்டத்தில் இருக்கிறது, எட்டு வாரம் ஓடக்கூடாது. ஜனவரி மாரத்தான் போயிற்று. நடக்கலாம், வலிக்காவிட்டால் நிலையான சைக்கிள் மிதிக்கலாம். அவ்வளவுதான். டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்து நகரமே தண்ணீரில் கிடந்த நாட்களில், கரண்ட் இல்லாத வீட்டில் உட்கார்ந்து, இத்தனை மாதம் ஓடியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். இனி நான் சொல்லப்போவதெல்லாம் அந்த நோட்டிலிருந்தும், அடுத்த வருஷம் அதைத் திருத்தி ஓடியதிலிருந்தும் வந்தவை.

முதலில் எலும்பைப் பற்றி, ஏனென்றால் அதுதான் எனக்குப் பாடம் எடுத்தது. ஓடும்போது எலும்பில் ஏறும் பளுவுக்கு ஏற்ப உடம்பு அதைப் பழுது பார்க்கிறது. ஆனால் முதலில் பழையதைக் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். கரைப்பது சீக்கிரம் நடந்துவிடும், கட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். வீட்டில் சுவரை இடித்துவிட்டுக் கொத்தனாருக்காகக் காத்திருப்போமே, அதேபோல. அந்த இடைவெளியில் நாம் தினமும் அதே அழுத்தத்தைக் கொடுத்தால் சுவர் எழும்பவே எழும்பாது. தசையும் அப்படித்தான். கடுமையாக ஓடிய பிறகு தசையில் சேமித்திருந்த சர்க்கரையான கிளைகோஜன் மறுபடி நிரம்ப ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும், அதுவும் ஒழுங்காகச் சாப்பிட்டால். ஓட்டம் உடம்பைப் பலப்படுத்துவதில்லை. ஓடிய பிறகு நடக்கும் பழுதுபார்ப்புதான் பலப்படுத்துகிறது. மெதுவான நாளுக்கு இதுதான் வேலை. இரத்த ஓட்டம் இருக்க வேண்டும், இருதயத்துக்கும் தசைக்கும் வேலை இருக்க வேண்டும், ஆனால் நேற்று இடித்த சுவரை மறுபடி இடிக்கக் கூடாது.

மெதுவான ஓட்டம் என்றால் வெறும் ஓய்வு என்று நினைக்க வேண்டாம். தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுவதும், சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுவதும், கொழுப்பை எரித்து ஓடும் பழக்கம் உடம்புக்கு வருவதும் இந்த நீண்ட நேர, மெதுவான ஓட்டத்தில்தான் பெருமளவு நடக்கின்றன. மாரத்தானுக்கு வேண்டிய அஸ்திவாரம் அதுதானே. நான் ஓடிக்கொண்டிருந்த நடுத்தர வேகம் இதற்கும் உதவவில்லை, வேகத்துக்கும் உதவவில்லை. மெதுவான நாளில் களைத்துப்போனதால் செவ்வாய்க்கிழமை உண்மையிலேயே வேகமாக ஓட என்னிடம் எதுவும் மிச்சமில்லை. வேகமான நாள் மந்தமாக இருந்ததால் மனசாட்சி உறுத்தி, புதன்கிழமை கொஞ்சம் விரட்டுவேன். இப்படியே ஒரு சுழல்.

அந்த எட்டு வாரத்தில் நிறைய படித்தேன். அதில் மனசில் நின்றது பில் பவர்மேன் கதை. அமெரிக்காவில் ஒரிகன் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர், நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். ஒரு நாள் கடினம், அடுத்த நாள் இலகு என்ற முறையைத் தன் மாணவர்களிடம் பிடிவாதமாகப் புகுத்தியவர். 1960களில் அவரிடம் பயின்ற கென்னி மூர் இதற்கு மசியவில்லை, எந்நேரமும் ஓடிக்கொண்டே இருப்பார், அடிக்கடி அடிபடும். பவர்மேன் ஒரு நாள் அவரைக் கழுத்தைப் பிடித்து நிறுத்தி, மூன்று வாரத்துக்குத் தன் கண்ணெதிரே தவிர ஓர் அடிகூட ஓடக் கூடாது, காலையில் மூன்று மைல் மெல்லோட்டம், பிற்பகலில் வழக்கமான பயிற்சி, அவ்வளவுதான் என்று கட்டளை போட்டார். மூன்று வாரம் கழித்து, இரண்டு மைல் போட்டியில் மூர் தன்னுடைய பழைய சிறந்த நேரத்தை 27 நொடி குறைத்து ஓடினார். பின்னாளில் 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் நான்காவதாக வந்தார். பயிற்சியாளர் சொன்னதால் அவருடைய திறமை கூடிவிடவில்லை. அது உள்ளேயே இருந்தது, களைப்பு மூடி வைத்திருந்தது. அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி படித்தேன்.

நார்வேயில் வேலை பார்க்கும் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர், துடுப்புப் படகு, பனிச்சறுக்கு, ஓட்டம் என்று பல துறைகளின் முன்னணி வீரர்களின் பயிற்சியைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு பயிற்சி இலகுவாகவே இருந்தது. இப்போது எல்லாரும் 80-20 என்று சொல்வது அதிலிருந்து வந்ததுதான். கென்ய மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே 2022இல் பெர்லின் மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 நொடியில் ஓடி முடித்தபோது சராசரி வேகம் கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 52 நொடி. அவரும் கூட்டாளிகளும் கப்டகட் முகாமில் இலகுவான நாளில் கிளம்பும் காணொளிகள் இருக்கின்றன, பாருங்கள். முதல் கிலோமீட்டரில் நாமும் கூடவே போய்விடலாம்போல இருக்கும். தன் மாரத்தான் வேகத்தைவிட அவர்கள் அவ்வளவு மெதுவாக ஓடும்போது, நான் மட்டும் ஏன் என் மாரத்தான் வேகத்தைவிட வேகமாக 'மெதுவான நாளை' ஓடினேன்? 5 மணி 2 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 7:09 ஆகிறது. என் ஈஸி ரன் 6:28. கணக்கு பார்க்கும் வேலையில் இருப்பவள் நான், இது கண்ணில் படாமலே ஒரு வருஷம் போயிருக்கிறது.

சரி, மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக?

இதற்குப் புத்தகத்தில் பல வழி இருக்கிறது. எனக்கு உதவியது என் அம்மா. அம்மா அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள். நாலரைக்கெல்லாம் எழுந்து வாசல் தெளித்து, காபி குடித்துவிட்டு, பேச ஆள் தேடுவாள். 2024 பிப்ரவரியில் மறுபடி ஓட ஆரம்பித்தபோது, காதில் மாட்டிக்கொண்டு அம்மாவிடம் பேசியபடியே ஓடலாம் என்று ஒரு நாள் செய்து பார்த்தேன். நான் சொன்ன இரண்டாவது வாக்கியத்திலேயே நிறுத்திவிட்டாள்.

"ஏட்டி, என்ன இப்படி இரைக்கு? ஓடுதியா? நின்னு மூச்சு வாங்கிட்டுப் பேசு."

நான் மெதுவாகத்தான் ஓடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாட்சைப் பார்த்தால் 6:50. குறைத்தேன். 7:10இல் மறுபடி, "இன்னும் இரைக்குல்லா" என்றாள். 7:40இல் தான் அவளுக்கு என் மூச்சு கேட்காமல் போயிற்று. எதிர்வீட்டு முருங்கை மரம் சாய்ந்ததைப் பற்றி ஒரு கிலோமீட்டர் பேசினாள், நானும் இடையிடையே முழு வாக்கியமாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து அதுதான் என் ஈஸி வேகம். இருதயத் துடிப்பு அப்போது நிமிடத்துக்கு 138க்கும் 140க்கும் நடுவே இருந்தது. முழு வேகத்தில் ஓடினால் எனக்கு 182 வரை போகும். உச்சத் துடிப்பைக் கண்டுபிடிக்க வயதை 220இலிருந்து கழிக்கும் வாய்ப்பாட்டை மட்டும் நம்பி எல்லை போட வேண்டாம். ஆளுக்கு ஆள் பத்து, பதினைந்து துடிப்பு மாறும். பேசிப் பார்ப்பது அதைவிட நம்பகமானது. தனியாக ஓடுபவர்கள் பாட்டோ சுலோகமோ முழு வரியாக வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். நடுவில் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம்.

சென்னைக்கு இன்னொரு விஷயம் உண்டு. நம் மாரத்தான் ஜனவரியில் வருவதால் பயிற்சியின் முதல் பாதி ஆகஸ்ட், செப்டம்பரில் விழும். காலை ஐந்து மணிக்கே 27 டிகிரி, காற்றில் ஈரம் பிழிந்து எடுக்கலாம்போல இருக்கும். வியர்வை காயாது, உடம்பு குளிராது. தோலுக்கு இரத்தம் அனுப்பும் வேலையும் சேர்ந்துகொள்வதால் அதே வேகத்துக்கு இருதயம் கூடுதலாகத் துடிக்கும். ஓட்டத்தின் பிற்பாதியில் இன்னும் ஏறும். செப்டம்பரில் நான் துடிப்பை 140க்குள் வைத்தபோது வேகம் 7:55 வரை இறங்கியது. சில நாள் திரு.வி.க. பாலத்தின் ஏற்றத்தில் நடந்தேன். நடப்பதில் வெட்கமில்லை. டிசம்பரில் அதே 140 துடிப்புக்கு வேகம் 7:10 ஆகிவிட்டது. பருவம் மாறியது ஒரு பாதி, பயிற்சி ஒரு பாதி. ஆகவே புனேக்காரரோ பெங்களூர்க்காரரோ போடும் வேகத்தை நம்முடைய கோடைக்கோ புழுக்கத்துக்கோ பொருத்திப் பார்க்காதீர்கள்.

முதல் ஆறேழு வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. கால் கஷ்டமில்லை, மனசு. நான் சேர்ந்து ஓடும் குழுவில் எல்லாரும் அன்பானவர்கள், ஆனால் பத்துப் பேர் சேர்ந்து ஓடினால் முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே வேகம் தானாக ஏறிவிடும். யாரும் யாரையும் முந்த நினைப்பதில்லை, ஆனாலும் ஐந்தாவது கிலோமீட்டரில் பேச்சு நின்றுவிடும். பேச்சு நின்றுவிட்டால் அது ஈஸி ரன் இல்லை. கடைசியில் மெதுவான நாட்களைக் குழுவோடு ஓடுவதை விட்டேன். புதிதாக ஓட வந்திருந்த இரண்டு பெண்களோடு சேர்ந்துகொண்டேன். அவர்களுக்குத் துணையாயிற்று, எனக்குக் கடிவாளமாயிற்று. விடியுமுன் இருட்டில் தனியாக ஓடுவதைவிட அது பாதுகாப்பும்கூட. ஓட்டங்களைப் பதிவு செய்து பகிரும் ஸ்ட்ராவா செயலியில் மெதுவான ஓட்டங்களை யாருக்கும் தெரியாதபடி வைத்தேன். 7:50 என்ற எண்ணுக்கு யாரும் எதுவும் சொல்லப்போவதில்லைதான். ஆனால் யாராவது பார்ப்பார்கள் என்ற நினைப்பே என் காலை விரட்டியது, அதனால் அந்த நினைப்பை அகற்றினேன்.

இனி வேகமான நாள். இதை நான் ஒரு சொல்கூடக் குறைக்காமல் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மெதுவாக ஓடச் சொல்பவர்கள் பல பேர் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். மெதுவான நாளை மெதுவாக வைப்பதே, கடினமான நாளில் கடினமாக ஓடத்தான்.

செவ்வாய்க்கிழமை என் இன்டர்வல் நாள். பெசன்ட் நகரில் நெரிசல் இல்லாத ஓர் அவென்யூ, நல்ல தெருவிளக்கு, 800 மீட்டருக்கு ஒரு சந்திப்பும் இல்லை. ஆவின் பூத் வாசலில் பால் டப்பாக்களை இறக்குகிற நேரம். அங்கேதான் ஆரம்பக் கோடு. இருபது நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்ட பிறகு, 800 மீட்டர் ஆறு முறை. ஒவ்வொன்றும் 4 நிமிடம் 28 நொடி, நடுவில் மூன்று நிமிடம் மெல்லோட்டம். முதலாவது எப்போதும் எளிதாக இருக்கும், அதை நம்பக் கூடாது. மூன்றாவதில் தொடை கனக்க ஆரம்பிக்கும். நான்காவதில் வாயில் ஒரு உலோக ருசி. ஐந்தாவதில் ஆவின் பூத்தின் விளக்கு நகரவே நகராது. அந்த ஐந்தாவதை முதலாவதின் நேரத்திலேயே முடிக்க முடிந்தால் அந்த வாரம் சரியாகப் போகிறது என்று அர்த்தம். நான்காவதிலேயே எட்டுப் பத்து நொடி பின்தங்கினால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிட்டு மெதுவாக வீட்டுக்குப் போய்விடுவேன். உடம்பு தயாராக இல்லை என்று அது சொல்கிறது. அதன் பிறகு ஓடுவதெல்லாம் களைப்பைத்தான் சேர்க்கும், வேகத்தைச் சேர்க்காது. 2023இல் இதே பயிற்சியை 4:50க்கும் கீழே என்னால் கொண்டுவர முடிந்ததில்லை. கால் அதே கால்தான். முந்தின இரண்டு நாள் என்ன செய்தேன் என்பதுதான் வேறு.

வாரம் இப்படி அமைந்தது. திங்கள் ஓட்டமில்லை, வீட்டிலேயே அரை மணி நேரம் ஸ்குவாட், கெண்டைக்காலுக்கான பயிற்சி, பிளாங்க். செவ்வாய் இன்டர்வல். புதன் ஏழு கிலோமீட்டர் அம்மாவோடு. வியாழன் பத்து கிலோமீட்டர். ஒரு வாரம் முழுக்க மெதுவாக, கடைசியில் மட்டும் இருபது இருபது நொடிக்கு ஐந்து ஸ்ட்ரைட்ஸ், அதாவது குட்டி வேக ஓட்டங்கள். மறுவாரம் அதிலேயே நடுவில் ஐந்து கிலோமீட்டர் டெம்போ, 5:50இல். வெள்ளி முழு ஓய்வு. சனி ஆறு கிலோமீட்டர், மிக மெதுவாக. ஞாயிறு லாங் ரன். உச்ச வாரத்தில் மொத்தம் 62 கிலோமீட்டர்.

இதில் லாங் ரன்னை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். வேகம் மெதுவானது என்பதால் அது இலகு நாள் ஆகிவிடாது. மூன்று மணி நேரம் காலில் நிற்பது கடின வேலைதான். என்னைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமையைக் கடின நாள் என்றே எண்ணி, முன்னும் பின்னும் இலகுவாக வையுங்கள். நாற்பது தாண்டியவர்களுக்கு டெம்போ, இன்டர்வல், லாங் ரன் மூன்றும் ஒவ்வொரு வாரமும் தாங்காது என்பது என் அனுபவம். இருபத்தைந்து வயதுப் பையன்கள் சீக்கிரம் தேறிவிடுகிறார்கள். எனக்குக் கடினமான ஓட்டத்துக்குப் பிறகு முழுசாக ஓர் இலகு நாளாவது வேண்டியிருக்கிறது.

வாரத்துக்கு மூன்று நாள், மொத்தம் இருபத்தைந்து கிலோமீட்டர்தான் ஓடுகிறீர்கள் என்றால் இந்த 80-20 கணக்கை அப்படியே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. நடுவில் உள்ள நான்கு நாளும் ஓய்வாகவே இருப்பதால் இரண்டு ஓட்டம் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்தாலும் உடம்பு தாங்கும். ஐந்து, ஆறு நாள் ஓட ஆரம்பிக்கும்போதுதான் இது உயிர்நாடியாகிறது.

ஓட்டத்துக்கு வெளியே இருக்கும் களைப்பும் ஓட்டக் கணக்கில்தான் சேரும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. செப்டம்பர் 30, டிசம்பர் 31 என்று வங்கியில் கணக்கு முடிக்கும் நாட்களில் இரவு ஒன்பது, பத்து ஆகிவிடும். வீட்டுக்கு வந்து பையனுக்குத் தோசை ஊற்றி, பாத்திரம் தேய்த்துவிட்டுப் படுத்தால் பதினொன்றரை. நாலரைக்கு அலாரம். அப்படிப்பட்ட காலையில் இன்டர்வல் ஓடி ஒரு நன்மையும் கிடையாது. காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே நாடித் துடிப்பைப் பார்ப்பேன். எனக்கு வழக்கமாக 58. அது 65, 66 என்று இருந்தால், செவ்வாயாக இருந்தாலும் அன்றைக்கு மெதுவான நாள்தான். இன்டர்வலை புதனுக்கோ வியாழனுக்கோ தள்ளுவேன், தள்ளினால் வியாழன் டெம்போவைக் கைவிடுவேன். இரண்டையும் அடுத்தடுத்துத் திணிக்க மாட்டேன்.

சாப்பாட்டிலும் ஒரு தவறு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மெதுவான நாள்தானே என்று காலையில் வெறும் காபியோடு ஆபீஸ் போய்விடுவேன். பழுதுபார்க்கும் நாளில் சாமான் கொடுக்காமல் கொத்தனாரை மட்டும் வரச் சொன்ன மாதிரி. காலில் அடிபட்ட சமயத்தில் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.4, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் குறைவு. ஓடும் பெண்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள், டாக்டர் சொன்னால் மட்டும் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது இலகு நாளாக இருந்தாலும் ஓடி முடித்த முக்கால் மணி நேரத்துக்குள் இட்லியும் இரண்டு முட்டையும், இல்லாவிட்டால் கேழ்வரகுக் கூழும் சுண்டலும். எடை குறைக்க வேண்டும் என்ற நினைப்பை மாரத்தான் பயிற்சிக் காலத்துக்கு வெளியே வைத்துக்கொண்டேன்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெங்கல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்த நாள். மறுநாள் எனக்கு 32 கிலோமீட்டர், அந்தப் பயிற்சிக் காலத்திலேயே மிக நீளமான ஓட்டம். சனிக்கிழமை காலையிலிருந்தே மழை, தெருவில் முழங்கால் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை ஓட வழியே இல்லை. பழைய ஆளாக இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமை லீவு போட்டாவது அந்த 32ஐ ஓடியிருப்பேன், வியாழனுக்கு டெம்போ, ஞாயிறுக்கு மறுபடி லாங் ரன் என்று அடுக்கியிருப்பேன். 2023 அக்டோபரில் கால் போனது அப்படி ஒரு வாரத்தில்தான். ஊருக்குப் போய் விட்டுப்போன இரண்டு ஓட்டங்களைத் திரும்பி வந்ததும் ஈடு செய்தேன். இந்த முறை அந்த ஞாயிறை அப்படியே விட்டுவிட்டேன். தண்ணீர் வடிந்த பிறகு புதன்கிழமை ஏழு கிலோமீட்டர் மெதுவாக, டிசம்பர் 8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை 30 கிலோமீட்டர். அதோடு நீளமான ஓட்டங்கள் முடிந்தன. விட்டுப்போன ஓட்டத்தைத் தேடிப் போய்ப் பிடிக்க வேண்டாம். நான்கு ஐந்து மாதப் பயிற்சியில் ஒரு ஞாயிறு இல்லாமல் போனால் ஒன்றும் குறையாது. ஒரு வாரத்தில் இரண்டு ஞாயிறைத் திணித்தால் நிறைய குறையும்.

கடைசி மூன்று வாரம் டேப்பர். தூரத்தை ஒவ்வொரு வாரமும் குறைத்தேன், ஆனால் செவ்வாய்க்கிழமை வேகத்தை விடவில்லை. ஆறு 800க்குப் பதிலாக நான்கு, பிறகு மூன்று. அதே வேகம், குறைவான எண்ணிக்கை. இந்த நாட்களில் கால் துறுதுறுவென்று இருக்கும், இன்னும் ஓடலாமே என்று தோன்றும், பழைய வலிகளெல்லாம் தலைகாட்டும். வலது காலில் அந்த ஒரு ரூபாய் இடத்தைத் தினமும் அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அங்கே வலி விரிந்து பரவலாக இருந்தால் பெரும்பாலும் ஓட்டத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். ஒரே இடத்தில் குத்தினால், நடக்கும்போதும் இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், அன்றைக்கே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள். நான் மூன்று வாரம் தாமதித்தேன், அதற்கு ஒரு மாரத்தானைக் கொடுத்தேன்.

2025 ஜனவரி 5. நேப்பியர் பாலத்திலிருந்து இருட்டில் கிளம்பினோம். முதல் பத்து கிலோமீட்டர் 6:30இல் அடக்கி வைத்தேன். கூட்டம் முந்திக்கொண்டு போயிற்று. ஒரு வருஷமாக முந்துகிறவர்களைப் போகவிட்டுப் பழகியிருந்ததால் அது ஒன்றும் சிரமமாகத் தெரியவில்லை. முப்பதாவது கிலோமீட்டர் வந்தபோது, போன முறை நான் நடக்க ஆரம்பித்த இடம், துடிப்பு 158. மூச்சு வந்தது, கால் வந்தது. முப்பத்தைந்தில் தொடை இறுகியது, தண்ணீர் மேஜையில் பத்து அடி நடந்தேன், மறுபடி ஓடினேன். கடைசி இரண்டு கிலோமீட்டர் 6:10. அந்த வேகம் முன்பு என் செவ்வாய்க்கிழமை டெம்போவாக இருந்தது. 4 மணி 31 நிமிடத்தில் முடித்தேன். போன முறையைவிட 31 நிமிடம் குறைவு.

மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு புல்லில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். பேச முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"இப்பவும் இரைக்குல்லா," என்றாள். "சரி, நாளைக்கு ஓடாதே. முதல்ல சோறு தின்னு."

மறுநாள் ஓடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை, காலை ஐந்தேகாலுக்கு, ஐந்து கிலோமீட்டர், 8:05. சாய்ந்த முருங்கையை வெட்டிய இடத்தில் துளிர் விட்டிருக்கிறதாம்.